கரிசல் சாலையில் கொதிக்கும் எஞ்சின்

கார் எஞ்சின் கொதிப்பதற்குக் காரணம் தேடுகிறவர், அது எந்த இடத்தில் கொதிக்கிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கோவில்பட்டி பஜாருக்குள் ஊர்ந்து போகையில் முள் ஏறி, நாற்கரச் சாலையில் சாத்தூர் பக்கம் வேகமெடுத்ததும் இறங்கிவிட்டால் கோளாறு பெரும்பாலும் ஃபேனில்தான்: மோட்டார், ரிலே, ஃபியூஸ் எதுவாகவும் இருக்கலாம். ஓடும்போது எதிர்க்காற்று ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது. ஊருக்குள் ஒழுங்காக இருந்து நெடுஞ்சாலையில் கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஒர்க்‌ஷாப்புகளில் பழகிப்போன வைத்தியம்; கெட்ட வைத்தியமும்கூட. உரிய சூட்டுக்கு வராத எஞ்சின் எரிபொருளைக் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

கரிசல் காட்டில் இவற்றோடு இன்னும் இரண்டு சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகைச் சேறு ரேடியேட்டர் தகடுகளில் அப்பிக் காய்கிறது. தை, மாசியில் கம்பு, சோளக் கதிர்களையும் உளுந்துச் செடியையும் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளை மிதிக்க விடுவார்கள். அந்த உமியும் சருகும் ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இடுக்கில் அடைகின்றன. முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகவே தெரியும். எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி மெதுவாகத் தண்ணீர் அடித்தால்தான் குப்பை வரும். வேகமாகப் பீய்ச்சினால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

இன்னொன்று உப்புத் தண்ணீர். போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சூட்டில் வெள்ளைப் பொருக்காகப் படிந்து குழாய்களை அடைக்கின்றன. குளோரைடு அலுமினியத்தை அரிக்கிறது. பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் என்பதே பொதுவான கலவை. ரேடியேட்டர் மூடியையும் பார்க்க வேண்டும். அதன் ஸ்பிரிங் சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது; வாஷர் வெடித்திருந்தால் நல்ல எஞ்சினும் பொங்கி வழியும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காப்பி நிறம் காட்டினாலோ, கூலன்ட் டப்பாவில் ஓயாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதன்பின் ஓட்டக் கூடாது.

முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். வழியில் போர் தண்ணீரையே ஊற்ற நேர்ந்தால், ஊர் போய்ச் சேர்ந்ததும் முழுவதையும் வடித்துக் கழுவிவிட்டுக் கூலன்ட் நிரப்புங்கள்.