போர்மட் அடிக்கிறதுக்கு முதல்



ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை நிற்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் இப்போது ஹாட்வெயார் கோர்ஸுக்குப் போகிறார்கள். "சேர், என்னென்ன சொஃப்ட்வெயார் வச்சிரிக்கணும்?" என்று எங்களுக்கு அடிக்கடி மெசேஜ் வருகிறது. எங்களுக்கு என்றால், பாடசாலைக் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் இருவருக்கும். கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது கற்பிக்கும் முறைதான். ஸ்குரூ டிரைவர் பிடிக்க யாரும் பழக்கவில்லை. கணினி அறையில் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தபோது வேறு வழியில்லாமல் பழகிக்கொண்டோம். அது ஊருக்குள் பரவி, இப்போது அஸருக்குப் பிறகு வீட்டு வாசலில் யாருடையதோ ஒரு லெப்டொப் பை இருக்கும்.

சொஃப்ட்வெயார் பெயர்களைச் சொல்ல முதல், நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட ராத்தாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஒரு லெப்டொப்பைக் கொண்டுவந்தார். "ஓன் ஆகுது சேர், ஆனா வட்டம் சுத்திக்கிட்டே இரிக்கி. மகளுக்கு கிளாஸுக்கு வேணும்." நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பென் டிரைவைப் போட்டோம், பழைய பார்ட்டிஷன்களை அழித்தோம், புதிதாக விண்டோஸ் ஏற்றினோம். ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. காசும் வாங்கவில்லை. எங்களுக்கே எங்களைப் பற்றி ஒரு பெருமை.

அடுத்த நாள் இஷாவுக்குப் பிறகு மகளோடு வந்தார். "சேர், இவருட படமெல்லாம் எங்க இரிக்கி?"

அவருடைய கணவர் கட்டாரில் வேலை செய்து, வந்த இடத்தில் மௌத்தானவர். அங்கிருந்து எடுத்த படங்கள், பிள்ளைகளுக்குப் பேசி அனுப்பிய வீடியோக்கள் எல்லாம் அந்த லெப்டொப்பில்தான் இருந்திருக்கின்றன. வேறு கொப்பி இல்லை. எங்களுக்கு வாயில் பதில் வரவில்லை.

அன்றிரவு செய்த ஒரே சரியான வேலை, லெப்டொப்பை உடனே நிறுத்தியதுதான். போர்மட் செய்தால் உள்ளே இருப்பது அந்த நிமிடமே இல்லாமல் போவதில்லை. எது எங்கே இருக்கிறது என்ற குறிப்புத்தான் போகிறது. மேலே புதிதாக எழுத எழுதத்தான் பழையது உண்மையில் அழியும். ஆகவே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. கேபிள் ஒன்றால் எங்கள் கணினியில் கொழுவி, போட்டோரெக் என்ற மென்பொருளை ஓடவிட்டோம். இலவசமானது. டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொன்றோடு சேர்ந்தே வரும். கறுப்புத் திரையில் வெறும் எழுத்துத்தான், பார்க்கவே பயமாக இருக்கும். மீட்பதை அதே டிஸ்க்கில் சேமிக்காமல் வேறொன்றில் சேமிக்க வேண்டும் என்பது இதில் முதல் சட்டம்.

விடிய விடிய ஓடியது. ஆயிரக்கணக்கில் பைல்கள் வந்தன. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, திகதி ஒழுங்கு இல்லை. இணையப் பக்கங்களின் சின்னச் சின்னப் படங்களோடு குடும்பப் படங்களும் கலந்து கிடந்தன.

இந்த இடத்தில் ஒரு விஷயம். அதை நாங்கள் திறந்து பிரிக்கவில்லை. வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கும். திருத்தத் தந்தது பார்க்கத் தந்ததாகிவிடாது, அது அமானிதம். ராத்தாவும் மகளும் பிரிக்க, எப்படிச் செய்வதென்று மட்டும் காட்டிக்கொடுத்தோம். நான்கு ஐந்து நாள் பின்னேரங்களில் இருந்து பிரித்தார்கள். படங்களில் ஒரு பகுதி கிடைத்தது. சிலவற்றின் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். வாப்பா பேசும் வீடியோ மூன்று இருந்ததாக மகள் சொன்னாள். ஒன்றுதான் திறந்தது.

அது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்பதால்தான் அதுவாவது கிடைத்தது. இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் அழித்த இடத்தை 'ட்ரிம்' என்ற கட்டளை கொஞ்ச நேரத்திலேயே துப்புரவாக்கிவிடும். பிறகு அநேகமாக ஒன்றும் வராது.

சரி, கேட்டதற்கு வருவோம்.

முதலில் வாங்க வேண்டியது சொஃப்ட்வெயார் இல்லை. மேலே சொன்ன அந்த கேபிள். சாட்டா டிஸ்க்கை யூ.எஸ்.பி.யில் கொழுவுவது. விலை பெரிதாக இல்லை. விண்டோஸ் எழும்பாவிட்டாலும் டிஸ்க்கைக் கழற்றி உள்ளே இருப்பதைக் கொப்பி எடுத்துவிடலாம். அன்று எங்களிடம் அது மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டாவது கிரிஸ்டல்டிஸ்க்இன்போ. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் பதிவை இது வாசித்துக் காட்டும். நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் டிஸ்க் போகப்போகிறது. 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். வாசிக்க முடியாமல் போகும் இடங்களின் கதை அங்கேதான் இருக்கிறது. மெஷின் ஸ்லோ என்று யார் கொண்டுவந்தாலும் இப்போது எங்கள் முதல் வேலை இதுதான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வைரஸ் இல்லை, டிஸ்க்தான் வருத்தம்.

டிஸ்க் மஞ்சள் காட்டினால் செக்டிஸ்க் போட்டுத் திருத்தப் போகாதீர்கள். சாகப்போகும் டிஸ்க்கை ஓடவைத்து இன்னும் கெடுப்பதாகிவிடும். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்று ஒன்று இருக்கிறது. வாசிக்கக்கூடிய இடங்களை முதலில் கொப்பி எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பிவரும். நல்ல வைத்தியர் மாதிரி. டிஸ்க்கில் இருந்து டிக் டிக் சத்தம் வந்தால் அதையும் போடாதீர்கள். நிறுத்திவிட்டு, "இது எங்களால ஏலாது" என்று சொல்லிக் கொடுங்கள்.

புது லெப்டொப்களில் பிட்லொக்கர் பூட்டு இருக்கும், சொந்தக்காரருக்கே தெரியாமல். பயோஸில் கைவைக்க முதல், போர்ட் மாற்ற முதல், 48 இலக்க மீட்புச் சாவி அவருடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் நல்லாயிருந்தும் உள்ளே போக முடியாது.

மற்றவை சுருக்கமாக. பென் டிரைவில் வென்டொய் போட்டால் விண்டோஸ், லினக்ஸ் ஐஎஸ்ஓ பைல்களைச் சும்மா கொப்பி பண்ணியே பூட் பண்ணலாம். ஒன்று மட்டும் போதுமென்றால் ரூபஸ். நீலத் திரை வந்து வந்து விழுந்தால் மெம்டெஸ்ட்86 போட்டு இரவு முழுக்க விடுங்கள், ரெம் பிழையா என்று தெரியும். அதற்கு முதல் ரெம்மைக் கழற்றி அதன் பல்லை வெள்ளை அழிறப்பரால் துடைத்துப் பாருங்கள், நம்மூர் உப்புக்காற்றுக்கு அதுவே அநேக தடவை போதும். எந்த ரெம் வாங்குவது என்று சிபியூ-இசட் சொல்லும். ஸ்டார்ட் ஆகும்போது என்னென்ன ஒளிந்து ஓடுகிறது என்று ஓட்டோரன்ஸ் காட்டும், அது மைக்ரோசொஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாக இருக்கிறது. திகதி பின்னுக்குப் போய் வெப்சைட் எல்லாம் பிழை காட்டினால் சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள். அதற்குப் போர்மட் அடித்தவர்களையும் கண்டிருக்கிறோம்.

கிரக் பண்ணும் அக்டிவேட்டர்களை ஆட்களின் மெஷினில் ஏற்றாதீர்கள். பாஸ்வேர்ட் திருடும் வைரஸ் வருவதே பெரும்பாலும் அதோடுதான். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மெஷின்களில் நாங்கள் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறோம். உம்மாமார் முதல் நாள் முறைப்பார்கள், பிறகு யூடியூப் ஓடுகிறதென்றால் பரவாயில்லை.

இப்போது எங்கள் மேசையில் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. மெஷின் கொண்டுவருபவர் தன் கையாலேயே எழுத வேண்டும்: உள்ளே என்ன இருக்கிறது, யாருடையது, வேறு கொப்பி இருக்கிறதா. "ஒண்டும் இல்ல சேர், அடிச்சி விடுங்க" என்பவர்களிடமும் படங்கள், அக்கவுண்ட்ஸ், பிள்ளையின் அசைன்மென்ட் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்கிறோம். "என்ன சேர், பொலிஸ் மாதிரி" என்று சிரிக்கிறார்கள்.

கோர்ஸுக்குப் போகும் தம்பிமார், மேலே சொன்ன மென்பொருள்கள் தேவையென்றால் இன்ஷா அல்லாஹ் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள். 32 ஜீபீ பென் டிரைவ் ஒன்று கொண்டுவந்தால் வென்டொய் போட்டுத் தருகிறோம். போடும்போது அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆகவே வீட்டிலேயே கொப்பி எடுத்துவிட்டு வாருங்கள்.