ஞாபகமும் அவதானமும்

கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் அந்தப் பச்சைத் தகட்டுக்கு நினைவகம் என்று பெயர் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 'மெமரி' என்ற சொல்லைத் தமிழாக்கியிருக்கிறோம், அவ்வளவுதான். ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் பின்னால் வந்து சேர்ந்தது. 1830களில் கணக்கிடும் யந்திரம் ஒன்றைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், எண்களை வைத்திருக்கும் பகுதியை 'ஸ்டோர்' என்றார், கிடங்கு. கணக்குப் போடும் பகுதி 'மில்', ஆலை. ஆலைகள் பெருகிய காலத்து மனிதர், தன் கண்ணெதிரே இருந்த உலகத்திலிருந்து சொல் எடுத்தார். 1945இல் ஜான் வான் நாய்மன், எட்வாக் என்ற யந்திரம் பற்றி எழுதிய அறிக்கையில், யந்திர உறுப்புகளை நரம்பணுக்களோடு ஒப்பிட்டு, 'மெமரி' என்று எழுதினார். இங்கிலாந்தில் அதற்குப் பிறகும் வெகு காலம் 'ஸ்டோர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உவமைதான் நிலைத்தது. இப்போது அது எதிர்த் திசையிலும் நடமாடுகிறது. மனிதனிடமிருந்து யந்திரத்துக்குப் போன சொல் திரும்பி வந்து, "என் மெமரி ஃபுல்லாயிடுச்சு" என்று பஸ்ஸில் யாரோ யாரிடமோ சொல்லக் கேட்கிறோம்.

சொல்லாராய்ச்சி என் உத்தேசம் இல்லை. இந்த யோசனை வந்ததற்கு ஸ்தூலமான காரணம் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு மறைந்த கவிஞர் ஒருவரின் மொத்தக் கவிதைகள் பற்றி எழுத வேண்டியிருந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. பெயரைப் பிரஸ்தாபிப்பதை அவர் விரும்பியதில்லை; இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. அவருடைய ஒரு கவிதை மூன்று சிறுபத்திரிகைகளில் மூன்று வடிவங்களில் வந்திருக்கிறது: 1975, 1983, 1996. மூன்று இதழ்களையும் நண்பர் ஒருவர் ஸ்கேன் செய்து கொடுத்தார். ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். மூன்றையும் திறந்து, பக்கத்தில் எழுதும் தாளையும் திறந்தால், என் யந்திரம் நின்றுவிடும். மௌஸை அசைத்தால் அம்பு அரை நிமிஷம் கழித்து அசையும். பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று எதையோ தேடிக்கொண்டே இருக்கும்.

யந்திரம் 2009இல் வாங்கியது. அதில் இருந்தது ஒரு ஜிபி ரேம். அதற்குள் அடங்காததை யந்திரம் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். வேண்டும்போது எடுத்துவந்து, அந்த இடத்தில் இருந்ததைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கும். மேஜை சிறியதாக இருப்பதால் ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து பீரோவுக்குப் போய்வருகிற ஆளைப் போல. அந்த நடையின் தூரத்தை எண்ணில் சொன்னால்தான் புரியும். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், சுழலும் டிஸ்கிலிருந்து எடுக்க அதே கணக்கில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஏறத்தாழ லட்சம் மடங்கு. யந்திரம் எதையும் மறக்கவில்லை. எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மூன்றை ஒருசேரக் கண்முன் வைத்திருக்க மட்டும் அதனால் முடியவில்லை.

புதிது வாங்கிவிடலாம் என்றார்கள் வீட்டில். இருபது வருஷத்து எழுத்து, யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் இந்த யந்திரத்தில்தான் ஒழுங்காகத் திறக்கிறது. அதனால் ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் சந்து முழுக்க ஒயரும் பலகையும் பேட்டரியும். ஒரு சிறிய கடையில் இருபது வயதுப் பையன் ஒருவன், "டிடிஆர் டூவா சார்? அதெல்லாம் இப்ப யாரும் கேக்கறதில்லை" என்றான். பிறகு ஒரு டப்பாவிலிருந்து இரண்டு இரண்டு ஜிபி தகடுகளை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் அவற்றின் பொன்னிற விளிம்பைத் தேய்த்துத் துடைத்தான். இரண்டும் சேர்த்து அறுநூறு ரூபாய். புதிய ரக ரேம்களின் விலை 2025 கடைசியில் எங்கும் தாறுமாறாக ஏறியது. செயற்கை அறிவுக்காகக் கட்டுகிற பெரிய கூடங்கள் உற்பத்தியை வாங்கிக்கொண்டுபோயின. பழசுக்கு அந்தப் போட்டி இல்லை. "இதை எந்த ஏஐயும் கேக்காது சார்" என்று சிரித்தான்.

பொருத்துவது கஷ்டமில்லை. மின்இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் தகட்டில் பாயாமல் இருக்க, பெட்டியின் உலோகத்தை முதலில் தொட்டுக்கொள்ள வேண்டும். விளிம்பில் 240 தொடுமுனைகள். நடுவில் ஒரு வெட்டு. வெட்டு ரகத்துக்கு ரகம் இடம் மாறியிருப்பதால் வேறு ரகத்தைச் செருக முடியாது. இரண்டு பக்கமும் சமமாக அழுத்தினால் கொக்கிகள் தாமே மூடிக்கொள்ளும்.

யந்திரம் எழுந்தது. நான்கு ஜிபி இருப்பதாகவும் அதில் 3.25 பயன்படும் என்றும் எழுதிக் காட்டியது. மிச்சம் எங்கே என்றால், அங்கேதான் இருக்கிறது. என் யந்திரத்தில் இருப்பது 32 பிட் விண்டோஸ். அதனால் குறிப்பிட முடிந்த விலாசங்கள் 429 கோடிச் சொச்சம், அதாவது நான்கு ஜிபி. அந்த விலாசங்களில் ஒரு பகுதி திரைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. முக்கால் ஜிபி பொருள் இருக்கிறது, சொல்லிக் கூப்பிட விலாசம் இல்லை.

மூன்று இதழ்களும் பக்கம் பக்கமாகத் திறந்தன. கரகரப்பு ஓய்ந்தது. கணக்குப் போடும் உறுப்பு அதே பழைய உறுப்புதான். அதன் வேகம் துளியும் கூடவில்லை. காத்திருப்பது மட்டும் நின்றுபோயிற்று.

இதைப் போய் ஞாபகம் என்று எப்படிச் சொல்வது? மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். மின்சாரம் இருக்கும்போதே போய்க்கொண்டும் இருக்கிறது. 1968இல் ராபர்ட் டென்னார்ட் காப்புரிமை பெற்ற அமைப்பு இது: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்ஸிஸ்டர், ஒரு கெபாசிடர். கெபாசிடரில் தேங்கும் மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லிவிநாடிக்குள் ஒரு முறை, விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், ஒவ்வொன்றையும் படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. படிக்கும் செயலே அதை அழித்துவிடும். படித்த கையோடு மறுபடி எழுதினால்தான் இருக்கும். இடைவிடாத இந்தச் சிரத்தைக்கு நம்மிடம் வேறொரு சொல் இருக்கிறது: அவதானம்.

அவதானம் என்றால் கவனம். ஈழத்தில் இன்றும் அன்றாடப் பேச்சில் அதுதான் பொருள். எட்டு விஷயங்களில் ஒரே நேரத்தில் கவனம் வைப்பவர் அஷ்டாவதானி, நூறு விஷயங்களில் என்றால் சதாவதானி. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டினார். முதுகில் விழும் கல்லை எண்ணிக்கொண்டு, மணியோசையைக் கணக்கு வைத்துக்கொண்டு, ஒருவர் கொடுக்கும் ஈற்றடிக்கு வெண்பாவும் சொல்லும் கலை அது. படித்ததின் அளவு அங்கே பரீட்சிக்கப்படுவதில்லை. நிறையப் படித்தவர்கள் அன்றும் ஏராளம். எத்தனை விஷயங்களை ஒருசேர, ஒன்று மற்றதை நழுவவிடாமல் ஏந்தி நிற்கிறார் என்பதே கேள்வி. கலை மங்கியது, சொல் மிஞ்சியது. ரேம் என்ற தகட்டுக்கு அந்தச் சொல் பொருந்தும்.

இதில் எனக்குச் சொந்த அக்கறை இருக்கிறது. எனக்கு வயது எழுபத்து மூன்று. 1974இல் நண்பர் இந்தக் கவிதையின் கையெழுத்துப் பிரதியைக் கடற்கரையில் வாசித்தபோது காற்றில் தாள் மடங்கி, அவர் அதை முழங்காலில் வைத்து நீவியது ஞாபகம் இருக்கிறது. பீரோ பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். குறைந்திருப்பது மேஜை. ஒரு நீண்ட வாக்கியத்தை எழுதி அதன் முற்றுக்கு வருவதற்குள் எழுவாய் நழுவிவிடுகிறது. நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படிக்கும்போது முதல் அத்தியாயம் இருக்கிறது என்று தெரிகிறது, கையில் இல்லை. விமர்சனம் செய்கிறவனுக்கு இது சின்னக் குறை இல்லை. ஒரு படைப்பை முழுசாக ஒருசேர ஏந்தாமல் அதன் மேல் அபிப்பிராயம் சொல்வது, கடைசியாகப் பார்த்த பக்கத்தின் மேல் அபிப்பிராயம் சொல்வதுதான். நம் விமர்சனத்தில் கணிசமான பகுதி இப்படி எழுதப்பட்டது, இளம் வயதுக்காரர்களால்.

திரையில் மூன்று வடிவங்களும் இருந்தன. 1975இல் இருபத்திரண்டு வரி. அம்மா கிணற்றில் நீர் இறைக்கிறாள். 1983இல் பதினேழு வரி. அம்மா போய் 'அவள்' வந்துவிட்டாள். 1996இல் பதினொரு வரி. ஆள் இல்லை, கயிறும் அது கல்லில் அறுத்த தடமும் மட்டும். அந்தக் கடைசி வடிவம்தான் தொகுப்பில் இருக்கிறது. அதை அரூபக் கவிதை என்று வைதார்கள், அரூபக் கவிதை என்றே புகழவும் செய்தார்கள். கவிதை தன்னளவில் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு ஆட்சேபணை இருக்கலாம். பதினொரு வரிகளும் தன்னளவில் நிற்கத்தான் செய்கின்றன. ஆனால் மூன்றையும் ஒருசேரப் பார்க்கிறவனுக்கு அந்தத் தடத்தை அறுத்தது யார் என்று தெரியும். இருபத்தோரு வருஷம் ஒரு மனிதர் தன் தாயை ஒரு கவிதையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தி, அவள் உழைப்பின் அடையாளத்தை மட்டும் விட்டிருக்கிறார் என்று தெரியும். அரூபம் என்ற சொல் அதற்குப் பிறகு நாக்கில் வராது.

யந்திரத்தால் மூன்றையும் ஏந்த முடிந்தது. என்னால் முடியவில்லை. இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குக் கண் போவதற்குள் இடது ஓரம் கரைந்துவிடுகிறது. எனக்கு ரிச்சி தெருவில் ஒன்றும் கிடைக்காது. திண்ணைப் பள்ளிக்கூடத்து முறைக்குப் போனேன். முதல் வடிவத்தை மனப்பாடம் செய்தேன். காலையும் மாலையும் வாய்விட்டுச் சொன்னேன். ஒரு நாள் விட்டால் இரண்டு வரி ஒழுகிப்போயிருக்கும், திரும்ப நிரப்ப வேண்டும். பத்து நாளில் அது நின்றது. பிறகு இரண்டாவது. இப்போது மூன்றாவதை மட்டும் திரையில் பார்க்கிறேன், மற்ற இரண்டும் அதற்கு அடியில் ஒலிக்கின்றன.

மரபு என்று நாம் பேசுவதும் இதுதானோ என்று சந்தேகம் வருகிறது. நூலகத்தில் இருப்பதையும் ஸ்கேன் செய்து அடுக்கியிருப்பதையும் நாம் மரபு என்கிறோம். அது பீரோ. வேண்டியதுதான், அதுவும் போனால் ஒன்றும் இல்லை. ஆனால் யாராவது சிலர், ஒரே காலத்தில், மனசில் ஒருசேர ஏந்திப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பதுதான் உயிரோடு இருக்கிறது. முன்னூறு பிரதி அச்சிடும் பத்திரிகைக்கு வேறு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கவிதையின் மூன்று வடிவங்களையும் அறிந்தவர்கள் இன்று நாலைந்து பேர் இருக்கலாம். எல்லோரும் என் வயதுக்காரர்கள்.

கட்டுரை இன்னும் முடியவில்லை. மூன்று வடிவங்களையும் அடுத்த இதழில் எதிரெதிர்ப் பக்கங்களில், தாளைத் திருப்பாமலே மூன்றையும் பார்க்கும்படி அச்சிட ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மிச்சம் படிக்கிறவர்கள் பொறுப்பு.