ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி உபுண்டு மாத்தினவன் கதை

மக்களே, ஒரு முட்டாள்தனத்தை ஒத்துக்கப் போறேன். எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு இந்தக் கதை அரைகுறையா தெரியும். முழுக்கதை இதுதான்.

2025 பிப்ரவரி. மறுநாள் காலை 10 மணிக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ. நெல் இலையோட படத்தைக் குடுத்தா என்ன நோய்னு சொல்ற ப்ரோக்ராம். நாங்க ரெண்டு பேர். கூட்டாளிகிட்ட லேப்டாப் கிடையாது, அதனால நாலு மாச உழைப்பு மொத்தமும் என் மெஷின்லதான். ரிப்போர்ட் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங்கும் ஆயாச்சு. சாயங்காலம் சும்மா உக்காந்திருந்தப்ப திரையில ஒரு சின்னப் பெட்டி: உபுண்டு 24.04 இருக்கு, மாத்திக்கிறியா?

நான் வச்சிருந்தது 22.04. அதுக்கு 2027 ஏப்ரல் வரைக்கும் ஆதரவு உண்டு, அவசரமே இல்லை. ஆனா ரிவ்யூல புது டெஸ்க்டாப்போட பந்தாவா நிக்கலாமேன்னு ஒரு ஆசை (சிரிக்காதீங்க). அமுக்கிட்டேன். ரொம்ப நேரம் ஓடுச்சு. கடைசியில "தேவையில்லாத பழைய பேக்கேஜை எல்லாம் நீக்கட்டுமா?"ன்னு கேட்டுச்சு. பட்டியலைப் படிக்காமலே 'ஒய்' அடிச்சேன்.

அந்தப் பட்டியல்ல பைத்தான் 3.10 இருந்துச்சு.

ப்ரோக்ராமை ஓட்டினா, நம்பைன்னு ஒரு மாட்யூலே இல்லைங்குது. ஃபோல்டரைத் திறந்து பாத்தா நம்பை குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருக்கு! அரைமணி நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. வெர்ச்சுவல் என்விரான்மென்ட்னு நாம போடறது தனி பைத்தான் இல்லை. அதுக்குள்ள இருக்கிறது சிஸ்டம் பைத்தானுக்கு ஒரு லிங்க், அவ்வளவுதான். 22.04ல பைத்தான் 3.10, 24.04ல 3.12. லிங்க் புதுசுக்குப் போயிடுச்சு. புதுசு 3.12ன்னு பேர் போட்ட ஃபோல்டரைத் தேடுது, என் சாமான் எல்லாம் 3.10ன்னு பேர் போட்ட ஃபோல்டர்ல கிடக்கு. கதவு நம்பர் மாறின தெருவுல போஸ்ட்மேன் அலையற மாதிரி.

சரி, சிஸ்டம் பைத்தான்லேயே நம்பையைப் போட்டுடலாம்னு பார்த்தா பிப் முடியாதுன்னுடுச்சு. உபுண்டுவோட சொந்த வேலைகள் நிறைய பைத்தான்ல ஓடுது. அதுல நாம கையை வச்சா சிஸ்டமே படுத்துக்கும்னு 23.04ல இருந்தே இந்தத் தடை இருக்கு. மீறணும்னா ஒரு ஆப்ஷன் உண்டு, அதோட பேரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. இதைவிடத் தெளிவா யாரும் எச்சரிக்க முடியாது. நான் அதையும் பாதி டைப் பண்ணிட்டேன். அப்பதான் கூட்டாளி ரூமுக்குள்ள வந்தான். "டேய், கையை எடுடா!"

புது என்விரான்மென்ட் போட்டோம். என் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல வெறும் பேர்கள்தான், வெர்ஷன் நம்பர் ஒண்ணுகூட இல்லை. எல்லாமே லேட்டஸ்ட்டா வந்து இறங்குச்சு, நம்பை உட்பட. ஓட்டினா, நான் கோட்ல எழுதியிருந்த 'என்பி டாட் ஃப்ளோட்' இப்ப கிடையாதாம். 2021லேயே 1.20 வெர்ஷன்ல இருந்து "இது போகப்போகுது"ன்னு எச்சரிக்கை காட்டி, 2022 டிசம்பர்ல வந்த 1.24ல எடுத்துட்டாங்க.

எனக்கு ஏன் தெரியலைன்னு கேக்கறீங்களா? சிவப்பு சிவப்பா வார்னிங் வந்து எரிச்சல் பண்ணுதுன்னு, கோட் தொடக்கத்துலேயே ஒரு வரி போட்டு எல்லா வார்னிங்கையும் வாயை மூட வச்சிருந்தேன். அந்த வரியைக் கூட்டாளி பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தா தேவலை.

ஃப்ளோட்டை அஞ்சு நிமிஷத்துல திருத்தியாச்சு. ஆனா சேமிச்சு வச்ச ரேண்டம் ஃபாரஸ்ட் மாடல் புது சைகிட்-லேர்ன்ல திறக்கவே மாட்டேங்குது. 1.3 வெர்ஷன்ல மரங்களைச் சேமிக்கிற அமைப்பையே மாத்தியிருக்காங்க. மறுபடி ட்ரெயின் பண்ணலாம்தான். ஆனா பைண்டிங் பண்ண ரிப்போர்ட்ல இருக்கிற எண்கள் எல்லாம் பழைய மாடலோடது. புது எண் வேற மாதிரி வந்தா சார் முன்னாடி என்னன்னு சொல்றது?

மணி ராத்திரி ஒண்ணு. கூட்டாளி பையில இருந்து ஒரு 40 பக்க நோட்டை எடுத்தான். முதல் நாள்ல இருந்து நாங்க எதை எதைப் போட்டோம், எந்த வெர்ஷன்னு பால்பாயிண்ட்ல எழுதி வச்சிருக்கான். நம்பை 1.23.5. சைகிட்-லேர்ன் 1.1.3. "லேப்டாப் இல்லாதவன் நோட்லதானடா எழுதுவான்"னான். அவன் எழுதறப்பல்லாம் "என்னடா, மளிகைக் கணக்கா?"ன்னு கிண்டல் பண்ணவன் நான்தான்.

அந்த வெர்ஷன்கள் 3.12ல ஏறாது. பழைய பைத்தானே வேணும். அதுக்குன்னு தன்னார்வலர்கள் நடத்தற ஒரு களஞ்சியம் இருக்கு, பேரு டெட்ஸ்நேக்ஸ். செத்த பாம்புகள்! செத்த பாம்பை அடிக்காதேன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க, நாங்க எழுப்பிக்கிட்டிருந்தோம். அதுல இருந்து 3.10ஐ இறக்கி, தனி என்விரான்மென்ட் போட்டு, நோட்டைப் பார்த்து அவன் நம்பர் சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். இரண்டே முக்காலுக்கு மாடல் திறந்துச்சு. டெஸ்ட் படங்களை ஓட்டினோம். ரிப்போர்ட்ல இருந்த அதே எண்கள்.

ரிவ்யூ ஒழுங்கா முடிஞ்சுது. புது டெஸ்க்டாப்பை யாரும் கவனிக்கக்கூட இல்லை. அந்த நோட்டை நான்தான் வாங்கி வச்சிருக்கேன். அவன் ரெண்டு தடவை திருப்பிக் கேட்டுட்டான், இன்னும் குடுக்கலை.