விரலுக்குத் தெரிந்த வழி

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா?" என்று நம் பெரியோர் கேட்பார்கள். கையில் இருப்பதை அறியக் கண்ணாடி வேண்டியதில்லை என்பது அதன் பொருள். தோழியரே, என் தம்பியின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அவனுடைய விளையாட்டையே கெடுத்தவள் நான். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் தம்பிக்கு வயது 11. சிறு வயது முதலே அவனுக்கு மாலைக்கண் உண்டு. சென்ற ஆண்டு அவனைச் சோதித்த மருத்துவர், இது விழித்திரை நோய் என்றும், பக்கப் பார்வை சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும் என்றும் கூறினார். நேரே இருப்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஓரத்தில் இருப்பது தெரியாது. தெருவில் பந்து விளையாடுவது அன்றோடு நின்றது. வீட்டில் இருந்த பழைய கணிப்பொறியே அவனுக்குத் துணையாயிற்று. அதில் 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்னும் இலவச வண்டிப் பந்தயத்தை அவன் விரும்பி ஆடுவான்.

இந்நிலையில் கணிப்பொறியின் விசைப்பலகை பழுதாயிற்று. "அக்கா, இரண்டு கையாலும் பிடித்து ஆடும் கேம்பேட் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டான் தம்பி. அதன் விலை 800 ரூபாய். என் உண்டியலில் 1,000 ரூபாய் இருந்தது. ஆனால் அது கைக்கடிகாரம் வாங்க நான் சேர்த்த பணம். கொடுக்க மனம் வரவில்லை.

அப்பாவின் பழைய கைப்பேசி நினைவுக்கு வந்தது. அதில் ஒரு செயலியைப் போட்டால், தொடுதிரையில் பொத்தான்களின் படம் தோன்றும்; அதைத் தொட்டுக் கணிப்பொறியில் விளையாடலாம். "பொத்தான் எல்லாம் பழைய காலம்; இதுதான் புதுமை" என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

ஒரு வாரம் கழிந்தது. கணிப்பொறி மூடியே கிடந்தது. "ஏண்டா, விளையாடவில்லையா?" என்றேன். "அலுத்துவிட்டது அக்கா" என்றான். அந்தக் குரலில் அலுப்பு இல்லை. வேறு ஏதோ இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் சார்ட் தாளைச் சுருட்டி இரண்டு குழல்கள் செய்து, கண்களில் வைத்துக் கட்டிக்கொண்டு கணிப்பொறியின் முன் அமர்ந்தேன். திரையின் நடுவில் வண்டி தெரிந்தது. ஆனால் என் மடியில் இருந்த கைப்பேசி தெரியவில்லை. திருப்பும் பொத்தான் எங்கே? தடவிப் பார்த்தேன், எங்கும் ஒரே வழவழப்பு. தடவிய இடமெல்லாம் தொட்டதாகவே கணக்காகி, வண்டி தாறுமாறாக ஓடியது. குனிந்து பொத்தானைத் தேடினால் சாலை மறைந்தது. நிமிர்ந்து சாலையைப் பார்த்தால் விரல் வழி தவறியது. மூன்று நிமிடத்தில் ஏழு முறை சுவரில் மோதினேன். குழல்களைக் கழற்றியபோது என் கண்கள் நனைந்திருந்தன. நான் கழற்றிவிட்டேன், அவனால் கழற்ற முடியுமா?

எங்கள் கணிப்பொறி ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். விசைப்பலகையில் எஃப், ஜே என்னும் இரு எழுத்துகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் சிறு மேடு இருந்தது! பாராமலே விரல் தன் இடத்தை அறிவதற்காக வைத்த அடையாளம் அது. நின்டெண்டோ நிறுவனத்தின் குன்பெய் யோகோய், 1982-ஆம் ஆண்டிலேயே கையடக்க விளையாட்டுக் கருவியில் கூட்டல் குறி வடிவப் பொத்தானை அமைத்தார். கட்டைவிரலை அதிலிருந்து எடுக்காமலே நான்கு திசையும் அறியலாம்.

ஆசிரியை மற்றொன்றும் சொன்னார். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சிங்கப்பூர் அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதியதில் 10 மாலுமிகள் இறந்தனர். போதிய பயிற்சி இல்லாமையோடு, கப்பலைச் செலுத்தும் தொடுதிரையின் குழப்பமான அமைப்பும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. 2019-இல் அமெரிக்கக் கடற்படை, அவ்வகைக் கப்பல்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கையால் பற்றும் நெம்புகோல்களையே மீண்டும் வைக்க முடிவு செய்தது.

அதனால் தொடுதிரை தீயது என்று நான் சொல்லவில்லை. சதுரங்கம் ஆடவும், வரைபடத்தை நகர்த்தவும் அது மிக எளிது. பொத்தானை அழுத்த விரலில் வலுவில்லாதவர்க்கு அதுவே உதவி. 2022-இல் வந்த 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்க விளையாட்டுக் கணிப்பொறியில் தொடுதிரையும் உண்டு, பொத்தான்களும் உண்டு. எது புதியது என்பதல்ல கேள்வி. எந்தக் கைக்கு எது என்பதே கேள்வி.

சனிக்கிழமை உண்டியலை உடைத்தேன். கேம்பேடைத் தம்பியின் மடியில் வைத்தபோது அவன் குனிந்து பார்க்கவேயில்லை. விரல்கள் ஒவ்வொரு பொத்தானாகத் தடவி வணக்கம் சொல்லிக்கொண்டன. முதல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தான். மாலைக்குள் இரண்டாவதாக வந்துவிட்டான்.

"கைப்பேசியில் ஆட முடியவில்லை என்று ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீ ஆசையாகக் கொடுத்தாயே அக்கா" என்றான்.

கடிகாரம் இல்லாத என் கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது. தோழியரே, பிறருக்கு ஒன்றைக் கொடுக்குமுன், "இது உனக்கு ஏற்றதா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். கேட்பதற்குக் காசு வேண்டாம். ஆனால் கேளாமல் கொடுத்தால், வாங்கியவர் சிரித்துக்கொண்டே வருந்த நேரும்.