இன்ஸ்டால் பண்ணுறதெண்டால் என்ன?

ஊரில் வயதானவர்களோடு கதைத்துப் பதிவுசெய்த நேர்காணல்களில் சிலதை எழுத்தாக்கி, ஒரு சின்ன இணையத்தளத்தில் போட வெளிக்கிட்டோம். நாங்கள் மூன்று பேரும் கலைப்பீடம். கணினி படிக்கிற நண்பனிடம் கேட்டோம். "என்பிஎம் இன்ஸ்டால் எண்டு அடியுங்கோ, மிச்சத்தை அது பாக்கும்" என்றான்.

அடித்தோம். நாங்கள் கேட்டது நாலைந்து பொதிகள்தான். ஒவ்வொன்றும் தனக்குத் தேவையானதையும் கூட்டிக்கொண்டு வந்ததில், சில நூறு வந்து இறங்கின.

இன்ஸ்டால் என்றால் கோப்புகளைக் கொப்பி பண்ணுவது மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். இல்லையாம். ஒவ்வொரு பொதிக்குள்ளும் பேக்கேஜ் டொட் ஜேசன் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் ப்ரீஇன்ஸ்டால், போஸ்ட்இன்ஸ்டால் என்ற பெயர்களில் கட்டளைகள் எழுதியிருந்தால், அவையும் எங்கள் லப்டொப்பில் ஓடும். நாங்கள் பாவித்த பதிப்பு எங்களை ஒரு சொல் கேட்கவில்லை. நாங்கள் திறக்கக்கூடிய கோப்புகளை அந்தக் கட்டளைகளாலும் திறக்க முடியும்.

இதற்கு நியாயமான தேவையும் உண்டு. சி பிளஸ் பிளஸில் எழுதிய சில பொதிகளை அந்தந்தக் கணினிக்கு ஏற்றபடி கட்டியெடுக்கவேணும். ஆனால் அதே வாசலால் கள்ளனும் வரலாம். 2021 ஒக்டோபரில், யூஏ பார்சர் ஜேஎஸ் என்ற பிரபலமான பொதியைப் பராமரித்தவரின் கணக்கைக் கைப்பற்றி, நஞ்சு கலந்த பதிப்புகளை வெளியிட்டார்கள். இன்ஸ்டால் பண்ணினவர்களின் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் இறங்கியது. விண்டோஸ் என்றால் கடவுச்சொல் திருடும் நிரலும் சேர்ந்து வந்தது. 2025 செப்டெம்பரில் பரவிய ஷாய் ஹுலுட், போஸ்ட்இன்ஸ்டால் வழியாக ஓடி, களவெடுத்த சாவிகளைக் கொண்டே அடுத்த பொதிகளுக்குள்ளும் புகுந்தது.

இதை வாசித்தபோது எங்களுக்கு ஒரு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. "இது உங்களோட இருக்கட்டும் பிள்ளையள், வெளியில போகக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கதைத்தார். நாங்களும் ஓமென்றோம். அந்த ஒலிப்பதிவு இருந்தது அதே லப்டொப்பில்.

ஒன்றும் களவு போனதாகத் தெரியவில்லை. ஆனாலும் வெட்கமாக இருந்தது. எந்தப் பிரதியைக் கையில் தந்தாலும், எழுதினது யார், ஏன் எழுதினார் என்று கேட்கப் படிக்கிறவர்கள் நாங்கள். இதில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

நோட் மொடியூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு, இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ் என்பதையும் சேர்த்து மறுபடி இன்ஸ்டால் பண்ணினோம். படங்களைச் சுருக்குகிற பொதி மட்டும் வேலை செய்யவில்லை. அதன் கட்டளையைத் தேடி வாசித்து, விளங்கின பிறகு, என்பிஎம் ரீபில்ட் என்று அந்த ஒன்றை மட்டும் ஓடவிட்டோம்.

இதுவும் முழுக் காவல் இல்லை. தளத்தைக் கட்டும்போது பொதிகளுக்குள் இருக்கிற மற்ற நிரல்கள் ஓடத்தான் செய்யும். அதனால் ஒலிப்பதிவுகளை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிற்கு மாற்றி, லப்டொப்பிலிருந்து அழித்துவிட்டோம். தளம் கட்டுகிற நேரம் அந்த டிஸ்கைச் செருகுவதில்லை. அந்த அம்மாவிடமும் ஒருக்காப் போய் நடந்ததைச் சொல்லவேணும்.