மின்மினி குடியிருக்கும் ஆற்றங்கரை

கோலசிலாங்கூருக்குப் போகிறவர்கள் மலாவாத்தி குன்றில் ஏறி, குரங்குகளை வேடிக்கை பார்த்து, வயிறாற மீன் சாப்பிட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பிவிடுவது வழக்கம். நானும் பள்ளிப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் அப்படித்தான் அழைத்துப் போய் வந்தேன். அந்த ஊரைப் பொழுது சாய்ந்த பிறகு பார்க்கவேண்டும் என்பது சென்ற பள்ளி விடுமுறையில்தான் எனக்குத் தெரிந்தது.

உல்லாசத்துக்காக மட்டும் நாங்கள் போகவில்லை. என் தங்கையும் அவள் கணவரும் தோட்ட வேலையை விட்டபோது, சேமநிதிப் பணத்தில் அந்த வட்டாரத்திலேயே ஒரு சிற்றாற்றின் ஓரமாக இரண்டு ஏக்கர் நிலம் வாங்கினார்கள். கரையை ஒட்டி மூன்று சங்கிலி நீளத்துக்குக் காடு மண்டிக் கிடந்தது.

"எல்லாவற்றையும் வழித்துவிட்டுத் தண்ணீர் வரைக்கும் செம்பனை நட்டுவிடலாம், மச்சான்" என்றார் மாப்பிள்ளை. முப்பது வருட உழைப்பை அந்த மண்ணில் போட்டவர் வேறு எப்படிப் பேசுவார்? ஆனால், பக்கத்து நிலத்து மலாய்ப் பெரியவர், "அவை பெரெம்பாங் மரங்கள். வெட்டுமுன் கம்போங் குவாந்தானுக்கு ஒருமுறை போய் வாருங்கள்" என்று சொல்லியிருந்தார். அதனால்தான் இந்தப் பயணம்.

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூரை அடைந்தோம். அங்கிருந்து உள்ளே சுமார் 9 கிலோமீட்டர் தூரத்தில், சிலாங்கூர் ஆற்றின் கரையில் இருக்கிறது கம்போங் குவாந்தான். நன்றாக இருட்டியதும் சம்பானில் ஏறினோம். ஒரு சம்பானில் நான்கு பேர். இயந்திரம் கிடையாது, அந்தக் கம்பத்து ஆளே துடுப்புப் போடுகிறார். கைப்பேசி வெளிச்சம்கூடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சிறிது தூரம் போனதும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரையோர மரங்கள் தீபாவளி விளக்குச் சரம் போட்டதுபோல் மின்னின. ஆயிரக்கணக்கான பூச்சிகள், ஒரே தாளத்துக்கு ஆடுவதுபோல ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்கும் ஒளி அது. மலாய்க்காரர் இவற்றைக் கெலிப்-கெலிப் என்கிறார்கள்.

"மரம் இருந்தால் போதுமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. போதாது என்றார் படகுக்காரர். பெரெம்பாங் மரம் மின்மினிக்குக் கல்யாண மண்டபம் மாதிரி. பிறந்து வளரும் வீடு அதன் பின்னால் இருக்கும் ஈரத்தரை. அங்கே நீப்பாவும் ரும்பியாவும் நிழல் கொடுக்கும். பெண் பூச்சி அங்கேதான் முட்டை இடுகிறது. புழு சிறு நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்கிறது. தரையை வழித்தால் புழு இல்லை; மருந்து அடித்தால் நத்தையும் இல்லை. மரத்தை மட்டும் அழகுக்கு விட்டுவைத்துப் பயனில்லை.

இந்த ஆற்றிலும் கரைக்காட்டை வெட்டிய இடங்களில் மின்மினி குறைந்தது. அதனால்தான் 2009-ஆம் ஆண்டில் மாநில அரசு இந்தக் கரையைப் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவித்தது.

கரையேறியதும், கடையில் தேநீர் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டோம். மூன்று சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் என்றால் 0.3 ஏக்கர். அதில் ஏறக்குறைய 17 செம்பனை மரம் நடலாம். அந்த 17 மரத்தின் குலைதான் மாப்பிள்ளைக்கு நட்டம். அந்த இடத்தில் நீப்பா இருந்தால் ஓலை வெட்டி அத்தாப்புப் பின்னி விற்கலாம். கரையும் அரித்துப் போகாது.

ஆனால், பூச்சி தானாகக் காசு கொண்டுவந்து கொடுக்காது. கம்போங் குவாந்தானில் சம்பாதிப்பவர்கள் படகு வலிப்பவர்கள், கடை வைத்தவர்கள், வந்தவர்களுக்குத் தங்க இடம் கொடுப்பவர்கள். மரத்தை விட்டுவைத்த நிலக்காரருக்கு அதில் பங்கு வேண்டுமானால், அவரும் அந்தத் தொழிலில் ஒரு கை போடவேண்டும். மூன்று சங்கிலிக் கரையை நம்பி யாரும் படகு விடமுடியாது. பக்கத்து நிலக்காரர்களும் சேர்ந்து கரையை விட்டுவைத்தால்தான் மின்மினி தங்கும், ஆளும் வரும். கூட்டுறவு நமக்குப் புதிதா என்ன? சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டமே வாங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் கண்டவர்கள் அல்லவா நாம்!

ஆந்தைப் பெட்டிக்கும் இதே கதைதான். ஆந்தை அலறினால் கெட்ட சகுனம் என்று நம் பாட்டிமார் பயந்தார்கள். செம்பனைக் காட்டிலோ அது சம்பளம் வாங்காத காவல்காரன். ஒரு ஜோடி, குஞ்சுகளோடு சேர்ந்து, ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்று ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 25 ஏக்கருக்கு ஒரு பெட்டி போதும். இரண்டு ஏக்கர்க்காரர் தனியாக வைப்பதைவிட, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒன்று வைப்பதே கெட்டிக்காரத்தனம். குலையும் தப்பும், எலி மருந்துச் செலவும் மிச்சம்.

மாப்பிள்ளை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தங்கை வாய் திறந்தாள். தோட்டத்தில் இருபது வருடம் மருந்துப் பம்பைத் தோளில் சுமந்தவள் அவள்.

"நம்ம லயத்துக்குப் பின்னால சின்ன வயசில மின்மினி பிடிச்சு போத்தல்ல போடுவோமே, அண்ணே! நான் பம்பு தூக்கின காலத்தில அது எங்க போச்சுன்னு நினைச்சுகூடப் பார்க்கல. சொந்த மண்ணில கொஞ்ச இடத்திலயாவது மருந்து அடிக்காம இருக்கேனே."

மாப்பிள்ளை மறுத்துப் பேசவில்லை.

இப்போது அந்த ஒரு சங்கிலி அகலம் அப்படியே இருக்கிறது. நில அலுவலகத்தில் விசாரித்தபோது, ஆற்றங்கரையில் ஒதுக்கு நிலம் உண்டா, எதுவரை என்று பார்த்த பிறகே எதையும் தொடவேண்டும் என்றார்கள். ஆற்றோரம் நிலம் வைத்திருக்கும் வாசகர்களும் மரத்தில் கத்தி வைக்குமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. பக்கத்து மலாய்ப் பெரியவரும் தம் கரையை விட்டுவைக்கச் சம்மதித்துவிட்டார். அடுத்த நிலக்காரரிடம் பேச மாப்பிள்ளையே போயிருக்கிறார்.

படகு விடும் அளவுக்கு அங்கே மின்மினி இல்லை. சென்ற வாரம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "நேத்து ராத்திரி எண்ணினேன், அண்ணே. பதினொண்ணு இருந்துச்சு."

குலை எடை சொல்வதுபோல் அவ்வளவு கணக்காகச் சொன்னாள்.