பெட்டிக்குள் ஒரு பெட்டகம்

இலண்டனில் வாழும் வாசகர் ஒருவர் சென்ற வாரம் மின்னஞ்சலில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "பழைய பத்திரிகை நறுக்குகளையும் குறிப்பேடுகளையும் கணினியில் ஏற்றிவிட்டதாக ஒருமுறை எழுதினீர்கள். அவற்றை எதில், எப்படி வைத்திருக்கிறீர்கள்? அப்பாவின் கடிதங்களைப் பாதுகாக்க எனக்கும் ஒரு வழி வேண்டும்." பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே எழுதுகிறேன். என் அறியாமையின் கதையும் அதில் கலந்திருப்பதைச் சற்று வெட்கத்துடன்தான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எழுத்தை வைத்துப் பிழைத்தவனுக்குப் பிரதி என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நாள்களிலேயே ‘ஈழநாடு’ பத்திரிகையின் பணிமனையும் எரிக்கப்பட்டது. நான் அப்போது இத்தொழிலுக்குப் புதியவன். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டு, பள்ளிப் பிள்ளைகளின் கோடிட்ட கொப்பித் தாளில் குறிப்பெடுத்தோம். அச்சுத்தாள் கிடையாத வேளைகளில் நாளேடுகளும் அதே தாளில்தான் வெளிவந்தன. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, என் சைக்கிளின் பின்னால் அரிசிப் பையோடு அந்தக் குறிப்பேடுகளும் கட்டப்பட்டிருந்தன.

போர் விட்டுவைத்தவற்றைக் கறையான் விட்டுவைக்கவில்லை. ஆகவே ஓய்வு பெற்ற பின்னர், கோண்டாவில் வீட்டின் முன்னறையில் ஒரு வருடியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஏற்றத் தொடங்கினேன். ஒலிநாடாக்களையும் அவ்வாறே மாற்றினேன். பூஞ்சை பிடித்த நாடாக்களையும், தொட்டால் உதிரும் தாள்களையும், "இனிக் கணினியில் இருக்கிறதே" என்று எறிந்துவிட்டேன். இந்த வரியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இவற்றை வைக்க ஒரு வலையமைப்புச் சேமிப்பகம் தேவைப்பட்டது. பல வன்தட்டுகளை ஒன்றாகக் கட்டி, வீட்டிலுள்ள எந்தக் கணினியிலிருந்தும் கோப்புகளை எடுக்கவும் வைக்கவும் வழி செய்யும் பெட்டி அது. அதற்கென்றே ‘ட்ரூநாஸ்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2005இல் ‘ஃப்ரீநாஸ்’ என்ற பெயரில் பிறந்தது. அதன் உயிர்நாடி, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய ‘இசட்.எஃப்.எஸ்’ என்னும் கோப்பு முறைமை.

பத்திரிகைக்காரனுக்குப் புரியும்படி சொன்னால், இசட்.எஃப்.எஸ் ஓயாமல் உழைக்கும் ஓர் ஒப்புநோக்காளர். எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்துத் தனியே குறித்து வைக்கிறார். பிறகு அத்துண்டை வாசிக்கும்போதெல்லாம் எண்ணை மீண்டும் கணித்து ஒப்பிடுகிறார். தட்டில் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தாலும் கண்டுபிடித்து, இரண்டாவது தட்டிலுள்ள நல்ல பிரதியைக் கொண்டு திருத்திவிடுகிறார். தட்டுகள் வெளிப்பார்வைக்கு நலமாக இருந்துகொண்டே உள்ளுக்குள் மெல்லப் பழுதாவதுண்டு. அத்தகைய பழுதுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன்.

நிற்க. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு இங்கே கணினி விலையும் மின்கட்டணமும் நாம் அறிந்தவையே. சேமிப்பகத்துக்கு ஒரு கணினி, வருடிய பக்கங்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்க இன்னொன்று என்று இரண்டை இரவும் பகலும் ஓட்ட எனக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஒரே கணினியில் ‘புரொக்ஸ்மொக்ஸ்’ என்ற தளத்தை நிறுவி, அதன்மேல் இரண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்கினேன். ஒரு வளவுக்குள் இரண்டு குடித்தனம் போல. ஒன்றில் ட்ரூநாஸ், மற்றதில் ஏனைய வேலைகள். ட்ரூநாஸுக்கு இரண்டு தட்டுகள் ஒதுக்கி, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிரதியாக அமைத்தேன். திரையில் எல்லாம் பச்சை நிறம். நிம்மதியாகத் தூங்கினேன்.

2023இன் மாரிகாலத்தில் ஓர் இரவு, இடியோடு மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது ட்ரூநாஸ் எழுந்தது. ஆனால் தட்டுத்தொகுதியைத் திறக்க மறுத்தது. மறுநாள், கணினி கற்பிக்கும் என் தமக்கை மகன் வந்து நெடுநேரம் பார்த்தான்.

"மாமா, இது ரெண்டு தட்டெண்டு ஆர் சொன்னது? உள்ளுக்கை இருக்கிறவருக்குத்தான் ரெண்டு. வெளியிலை ஒரே தட்டிலை ரெண்டு கோப்பு."

நான் ஒதுக்கியவை உண்மைத் தட்டுகள் அல்ல, மெய்நிகர்த் தட்டுகள். ஒரே வன்தட்டின் மேல் கிடந்த இரண்டு பெரிய கோப்புகளைத்தான் இரண்டு பிரதிகள் என்று நம்பியிருக்கிறேன். இது போதாதென்று, வேகம் கூடும் என்று எங்கோ வாசித்து, இடைத்தேக்கத்தைப் பாதுகாப்பற்ற நிலைக்கு மாற்றியிருந்தேன். அந்த நிலையில், "இதைத் தட்டில் எழுதி முடித்துவிட்டுச் சொல்" என்று இசட்.எஃப்.எஸ் கேட்டால், நடுவிலுள்ள தளம் எழுதாமலே "எழுதியாயிற்று" என்று பதில் சொல்லும். மேசையில் கிடக்கும் செய்தியைப் பக்கத்தில் ஏறிவிட்டதாகச் சொல்லும் உதவி ஆசிரியரை நான் பார்த்திருக்கிறேன். மின்சாரம் இருக்கும்வரை அந்தப் பொய் வெளிப்படாது. எனக்கு அந்த இரவு வெளிப்பட்டது.

பெரும்பகுதியை ஒரு பழைய வெளித்தட்டிலிருந்து மீட்டோம். கடைசி ஐந்து மாதங்களில் ஏற்றியவை போயின. அவற்றுள் ஒன்று, நாற்பது ஆண்டுகள் ஈய எழுத்துக் கோத்த ஒரு முதியவரோடு நான் நடத்திய உரையாடல். எழுத்துப் பெட்டியைப் பார்க்காமலே விரல் எப்படித் தேடிச் செல்லும் என்று அவர் சொல்லிச் சிரிப்பார். அவர் இன்றில்லை. நாடாவை நானே குப்பையில் போட்டேன்.

மெய்நிகர் கணினிக்குள் சேமிப்பகம் வைப்பதே பிழை என்று சிலர் சொல்வர். அனுபவத்தில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒப்புநோக்காளருக்கு மூலப்படியை நேரே கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. மருமகன் செய்து தந்த மாற்றங்களைச் சொல்கிறேன்.

முதலாவதாக, இரண்டு உண்மைத் தட்டுகளையும் தனியான ஒரு கட்டுப்பாட்டு அட்டையில் இணைத்து, அந்த அட்டையை முழுமையாக ட்ரூநாஸ் இருக்கும் மெய்நிகர் கணினிக்கே ஒப்படைத்தான். தாய்ப்பலகையும் செயலியும் இதற்கு இடம்கொடுக்க வேண்டும், வாங்குமுன் கேட்டறிக. அட்டை தானாக ‘ரெயிட்’ கட்டாத எளிய வகையாக இருப்பது அவசியம். இப்போது தட்டின் வரிசை எண், வெப்பம், உடல்நலம் யாவும் ட்ரூநாஸுக்கு நேரே தெரிகின்றன. வெளித்தளம் அந்த அட்டையைத் தொடாதபடியும் தடுத்தான். ஒரே தட்டுத்தொகுதியை வெளியிலிருப்பவரும் உள்ளிருப்பவரும் ஒருசேரத் திறந்தால் அது பாழாகிவிடும்.

இரண்டாவதாக, நினைவகம். ட்ரூநாஸுக்கு 8 கிகாபைற்றையாவது நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். இப்படி அட்டையை ஒப்படைத்த மெய்நிகர் கணினியில் நினைவகத்தை இரவல் கொடுத்து வாங்கும் விளையாட்டுக்கு இடமில்லை.

மூன்றாவதாக, யூ.பி.எஸ். மின்கலம் இருந்தால் மட்டும் போதாது. மின்சாரம் நின்ற செய்தி கம்பி வழியே வெளித்தளத்தை அடைந்து, அது குடித்தனங்களை ஒழுங்காக உறங்கச் செய்ய வேண்டும். சேமிப்பகம் கடைசியாக உறங்கி முதலில் விழிக்க வேண்டும்.

நான்காவதாக, மெய்நிகர் கணினிகளின் காப்புப் பிரதிகளை அதே சேமிப்பகத்துக்குள் வைத்திருந்தேன். திறப்பைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியைப் பூட்டிய கதை. இப்போது அவை தனியான ஒரு வெளித்தட்டில் இருக்கின்றன. ட்ரூநாஸின் அமைப்புக் கோப்பும் அங்கேதான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சர் சொன்ன அதே நாள். நான் கோவிலில் இருந்தேன். வீடு திரும்பியபோது பெட்டி தானாக ஒழுங்காக அணைந்திருந்தது. மின்சாரம் வந்ததும் எழுந்தது, தொகுதி திறந்தது, பிழை எண்ணிக்கை சுழியம். குரங்குக்கு நன்றி சொன்னேன்.

ஆயினும் இவ்வளவும் ஒரு வீட்டுக்குள், ஒரு பெட்டிக்குள் நடக்கிற காரியம். இசட்.எஃப்.எஸ் தட்டின் பிழையைத் திருத்தும். கூரையில் விழும் தீயைத் திருத்தாது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்று புகைப்படக் கலைஞரான பீற்றர் குறோ பரப்பிய விதியொன்று உண்டு. அந்த வேறோர் இடம் எனக்கு ஸ்காபறோவிலுள்ள மகளின் வீடு. ஒவ்வோர் இரவும் அன்றைய மாற்றங்கள் மட்டும் மறையாக்கப்பட்டு அங்கே போகின்றன. பொதுப் பயன் உள்ளவற்றை, 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் இணையத்தில் ஆவணப்படுத்தி வரும் ‘நூலகம்’ திட்டத்துக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். பலர் கையில் இருப்பதை எரிப்பது கடினம்.

இலண்டன் நண்பருக்கு என் பதில் இதுவே. மெய்நிகராக வைப்பதோ தனிப்பெட்டியில் வைப்பதோ உங்கள் வசதி. ஆனால் உங்கள் பிரதிகள் உண்மையில் எத்தனை, எந்தத் தட்டில், எந்த ஊரில் இருக்கின்றன என்று திரையைக் கேளாமல் நீங்களே எண்ணிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூரத்துப் பிரதியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். அப்பாவின் கையெழுத்து உள்ள தாளை மட்டும், கணினியில் ஏற்றிய பிறகும், எறிந்துவிடாதீர்கள்.